மெய்ப்புக் கேட்டவள்

பதுளை பஜாரில் ஒரு புடவைக்கடையில் சேலைப் பகுதியில் நிற்கிறேன். லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, உயர்தரம் படிக்கப் பதுளைக்கு வந்து, சோதனை எழுதிய கையோடு இந்தக் கடையில் சேர்ந்தவள். எனக்குக் கல்யாணமும் ஆயிற்று, என் மகளும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். கடை மட்டும் மாறவில்லை.

கல்யாணச் சேலை எடுக்க வருகிற குடும்பங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் பொழுது போவதே தெரியாது. மாப்பிள்ளையின் அம்மா விலைச்சீட்டைப் பார்ப்பார். பெண்ணின் அம்மா மாப்பிள்ளையின் அம்மாவுடைய முகத்தைப் பார்ப்பார். சேலையைப் பார்ப்பது பெண் மட்டும்தான். விரித்த சேலைக்கு முன்னால் அரைமணி நேரம் உட்கார்ந்தால் போதும், இரண்டு வீட்டுக் கதையும் வெளியே வந்துவிடும். அவர்கள் போன பிறகு, சேலை மடிப்புக்குள் வைத்து வருகிற வெள்ளைத் தாள்களில் அதையெல்லாம் கிறுக்கிவைக்கத் தொடங்கினேன். கிறுக்கியதை வீட்டில் உட்கார்ந்து கதையாக எழுதினேன். சில வருடங்களில் ஒரு புத்தகத்துக்குப் போதுமான கதைகள் சேர்ந்துவிட்டன.

பதிப்பகம் எதையும் எனக்குத் தெரியாது. நானே போட்டுவிடலாம் என்று நினைத்தேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போட்டோகொப்பி எடுத்துத் தரும் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கும் ஓர் அக்காதான் எங்கள் பக்கத்துக் கல்யாண அழைப்பிதழ், கோயில் நோட்டீஸ், பாடசாலை மலர் எல்லாவற்றையும் கொம்பியூட்டரில் தட்டித் தருகிறவர். அவரிடம் தாள்களைக் கொடுத்தேன். ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக முழுவதையும் தட்டி முடித்தார். திரையில் என் கதைகளை அச்செழுத்தில் பார்த்தபோது, அவற்றை வேறு யாரோ எழுதியதுபோல் இருந்தது. இனி அச்சகத்தில் கொடுத்தால் புத்தகம் வந்துவிடும் என்று நம்பினேன்.

அதற்கு முன் ஒருத்தியின் அபிப்பிராயம் எனக்கு வேண்டியிருந்தது. உயர்தரம் படிக்கும்போது விடுதியில் என் பக்கத்துக் கட்டிலில் இருந்தவள், அப்புத்தளைக்காரி. அப்போதே பொழுது சாய்ந்தால் அவளுக்குக் கண் தெரியாது. ட்யூஷன் முடிந்து வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். பிறகு பகல் பார்வையும் குறைந்துகொண்டே வந்தது. கண்டி, கொழும்பு என்று போய்க் காட்டினார்கள். விழித்திரை நோய், மருந்து இல்லை என்று சொல்லிவிட்டார்கள். என் கல்யாணத்துக்கு அவள் வந்திருந்தபோது வெளிச்சம் எது, இருட்டு எது என்று மட்டும்தான் தெரிந்தது. இப்போது அதுவும் இல்லை. அப்புத்தளையில் ஓர் அலுவலகத்தில் தொலைபேசி இயக்குநராக வேலை செய்கிறாள். அம்மாவோடு இருக்கிறாள். அவள் போன் அவளோடு பேசும். திரையில் விரல் படுகிற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு குரல் சொல்லும். அவள் வைத்திருக்கும் வேகத்தில் அந்தக் குரல் சொல்வது எனக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடாது. அவளோ அதில் நாவல் நாவலாகக் கேட்டுத் தள்ளுவாள்.

அக்கா தட்டித் தந்த கோப்பை அவளுக்கு அனுப்பினேன். அன்று மத்தியானமே அழைத்தாள்.

"ஏய், என்னடி அனுப்பியிருக்க?"

"என் கதைங்க. கேட்டியா?"

"கேட்டேன். எம், கே, செமிகோலன், கே, எச். இதுதான் ஒன்னோட மொத வார்த்த. இது எந்த ஊரு பாஷ?"

என் முதல் கதை 'அம்மா' என்று தொடங்கும். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிரித்து முடித்துவிட்டு அவளே விளக்கினாள். அக்கா தட்டியிருப்பது பாமினி என்ற பழைய எழுத்துருவில். அதில் தட்டினால் கொம்பியூட்டருக்குள் பதிவது ஆங்கில எழுத்துதான். திரையில் தெரியும்போது மட்டும் அதற்குத் தமிழ் வடிவம் போட்டுக் காட்டும். கண்ணால் பார்க்கிறவர்களுக்கு அது தமிழ். காதால் கேட்கிறவர்களுக்கு எம், கே, செமிகோலன். யுனிகோட் என்ற முறையில் இருந்தால்தான் உள்ளேயும் தமிழ், வெளியேயும் தமிழ்.

"எங்க ஆபிசுக்கு வர்ற பாதிக் கடுதாசி இப்பிடித்தான் வருது. நான் கேக்கிறதே இல்ல, அப்பிடியே தள்ளிவிட்டுருவேன்" என்றாள். "ஆனா ஒன் கதையத் தள்ள முடியாதே. மாத்தி அனுப்பு. இன்டர்நெட்ல மாத்திக் குடுக்கிற எடம் இருக்கு. சும்மாதான், சல்லி கேக்காது."

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கொமியூனிகேஷன் அக்காவிடம் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் கொஞ்சம் வாடிவிட்டது.

"இத்தனை வருசமா இதுலதான் அடிக்கிறேன். ஒருத்தரும் குறை சொல்லலியே."

"குறை இல்லக்கா. கண்ணு தெரியாத ஒருத்தி வாசிக்கணும். அதுக்காகத்தான்."

"கண்ணு தெரியாதவங்க எப்பிடிம்மா வாசிப்பாங்க?"

தோழிக்கு அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, போனை மேசைமேல் வைத்தேன். அக்கா யுனிகோடில் ஒரு வரி தட்டி அனுப்பினார்: 'வணக்கம் தங்கச்சி, சாப்பிட்டீங்களா?' அந்தப் பக்கத்தில் அவளுடைய போன் அதை வாசிப்பது எங்களுக்கும் கேட்டது. உடனே அவள், "சாப்பிட்டேங்க்கா, இன்னைக்கு ரொட்டியும் கட்ட சம்பலும்" என்றாள். அக்கா விசைப்பலகையிலிருந்து கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார். அப்புறம் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. கோப்பைத் திறந்து, ஒவ்வொரு கதையாக எடுத்து, மாற்றித்தரும் தளத்தில் ஒட்டினார்.

எல்லாம் ஒரே தட்டில் மாறிவிடவில்லை. ஒரு கதையில் கடைக் கதவில் தொங்குவதாக வரும் அறிவிப்பை அக்கா ஆங்கிலத்திலேயே தட்டியிருந்தார். அது வாயில் நுழையாத ஏதோ தமிழாகிவிட்டது. மேற்கோள் குறிகள் சில இடங்களில் காணாமல் போயின, சில இடங்களில் வேறு எழுத்தாகின. வரிக்கு வரி பார்த்துத்தான் திருத்தினோம். புத்தகம் போட நினைக்கிறவர்கள் இப்போது என்னிடம் கேட்டால் முதலில் சொல்வது இதைத்தான்: தொடக்கத்திலிருந்தே யுனிகோடில் எழுதுங்கள். போனில் தமிழ் விசைப்பலகை இருக்கிறது. தட்டச் சோம்பலாக இருந்தால், சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. எங்கள் தோட்டத்துப் பேச்சை அது கொஞ்சம் தப்பாகக் கேட்கும். ஆனாலும் பாதி வேலை முடிந்துவிடும்.

அதன்பிறகு அவளிடமிருந்து குரல் செய்திகள் வரத் தொடங்கின. வேலைக்கு நடந்து போகும்போது பேசுவாள். பின்னால் பஸ் ஹோர்ன் கேட்கும், பனிக்குள் யாரோ அவளுக்குக் காலை வணக்கம் சொல்வதும் கேட்கும். "மூணாவது கதையில அவ கண்ணாடி முன்னால நிக்கிற எடத்துல 'அவள் அவள்'னு ரெண்டு தடவ வருது." "அந்த ஐயா பேசுறது எங்க முடியுது, பொண்ணு பேசுறது எங்க தொடங்குதுன்னு எனக்குத் தெரியல. பாக்கிறவங்களுக்குக் குறி இருக்கும், எனக்கு யாரு பேசுறாங்கன்னு நீதான் சொல்லணும்." "இந்த வசனத்துல மெஷினுக்கே மூச்சு வாங்குது. ரெண்டா ஒடச்சிரு."

நான் அந்தக் கதைகளை எத்தனையோ தடவை வாசித்திருந்தேன். என் கண் அந்த இரட்டைச் சொல்லைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறது. நானும் என் போனில் அந்த வாசிக்கும் வசதியைப் போட்டு, ஆமை வேகத்தில் வைத்து, சமைத்துக்கொண்டே என் கதைகளைக் கேட்டேன். அழகாக எழுதிவிட்டோம் என்று நான் பெருமைப்பட்ட சில வரிகள், ஒட்டுதல் இல்லாத அந்தக் குரலில் கேட்டபோது வெறும் சோடனையாக இருந்தன. அவற்றை எடுத்துவிட்டேன்.

காதுக்கு எட்டாத பிழைகளும் உண்டு. லகரம் ளகரம், ரகரம் றகரம் எல்லாம் அந்தக் குரலுக்கு ஒன்றுபோலத்தான். 'பள்ளிக்கூடம்' என்று எழுதினாலும் 'பல்லிக்கூடம்' என்று எழுதினாலும் அவள் பிடிக்க மாட்டாள். அதற்கு இணையத்தில் இருக்கும் இலவசச் சொற்பிழை திருத்தியைப் பிடித்தேன். அது நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்தை நாங்கள் பெரட்டு என்போமே, அதைச் சிவப்புக் கோடிட்டு 'புரட்டு' என்று மாற்றச் சொன்னது.

"மாத்தட்டுமாடி?" என்று கேட்டேன்.

"மாத்துனா பொழுது விடிஞ்சதும் எங்கப்பா புரட்டுக்குப் போனாருன்னு வரும். தோட்டமே ஒன்ன அடிக்க வரும்" என்றாள். பெரட்டு அப்படியே இருக்கிறது.

ஒரு போயா நாளில், பௌர்ணமி விடுமுறைக்கு, கடை பூட்டு. அவளை நேரில் பார்த்துப் பேச அப்புத்தளைக்குப் போனேன். பண்டாரவளையைத் தாண்டியதும் பனி இறங்கிவிட்டது. ரயில் நிலையத்துக்குக் கீழே சரிவில் இருக்கிற அவள் வீட்டில், அவள் அம்மா இஞ்சி போட்ட பிளேன்டீ கொடுத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனார். இவள் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"கதையெல்லாம் நல்லாயிருக்கு. ஆனா ஒரு விசயத்துல என்னய வெளியிலயே நிக்க வச்சிட்ட."

"எதுலடி?"

"கடைசிக்கு முந்துன கதையில அந்தப் புள்ள பீச் கலர்தான் வேணும்னு அழுவுது. அம்மாக்காரி கூடாதுங்கிறா. ரெண்டு பேருக்கும் அவ்ளோ பெரிய சண்ட. பீச் கலர்னா எப்பிடி இருக்கும்?"

நான் பிளேன்டீயைக் கீழே வைத்தேன்.

"எனக்குக் கண்ணு இருந்த காலத்துல அந்தக் கலர் வரல" என்று அவள் சாதாரணமாகச் சொன்னாள். "கிளிப்பச்ச தெரியும். மாம்பழ மஞ்ச தெரியும். மயில் கழுத்துக் கலர் தெரியும். அதெல்லாம் நான் பத்திரமா வச்சிருக்கேன். அப்பப்ப எடுத்துப் பாத்துக்குவேன். அதுக்கப்புறம் புதுசா வந்த கலர் ஒண்ணும் எங்கிட்ட இல்ல."

பரிதாபத்துக்காக அவள் அதைச் சொல்லவில்லை. பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

"ரோஸ்ல கொஞ்சம் மஞ்ச கலந்த மாதிரி…"

"அது கடைக்காரி பேச்சு. ஒழுங்கா சொல்லு."

யோசித்தேன். தினமும் எத்தனையோ பேருக்கு அந்த நிறத்தை விரித்துக் காட்டியிருக்கிறேன். விரித்துக் காட்டினால் போதும் என்பதால் ஒருநாளும் சொல்லிப் பார்த்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். அதனால் ஒன்றும் வரவில்லை. திறந்து, அவளுடைய சமையல்கட்டுப் பக்கம் பார்த்தேன். சன்னலில் ஒரு பப்பாசி பழுத்துக் கிடந்தது.

"நல்லாப் பழுத்த பப்பாசிய எடுத்து, பாலுல கரைக்கிறோம்னு வச்சுக்க. பால் கூட, பப்பாசி கொஞ்சம். கரைச்சதும் ஒரு கலர் வருமே, அது."

அவள் தலையைக் கொஞ்சம் சாய்த்து அப்படியே இருந்தாள். உள்ளே கரைத்துப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

"அய்ய, இந்தக் கலருக்கா அந்தப் புள்ள அப்பிடி அழுவுது? அம்மாக்காரி சொன்னதுதான் சரி!"

நான் அந்தப் பெண்ணின் கட்சி. கதையே அவளுக்காகத்தான் எழுதினேன். அன்று பின்னேரம் வரை அந்தச் சண்டையை நாங்கள் இருவரும் போட்டுக்கொண்டோம். கடைசியில் அவள், "சரி, அவளுக்கு ஏன் அது பிடிக்கும்னு எழுது, அப்ப ஒத்துக்கிறேன்" என்றாள். வெங்காயத்தோல் நிறம், சாம்பல் நிறம், ஒயின் நிறம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். சிலவற்றுக்கு எனக்கு உடனே பதில் கிடைத்தது. சிலவற்றுக்குக் கடைக்குப் போய் அந்தச் சேலையைக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. வீட்டுக்கு வந்து அந்தக் கதையைத் தொடக்கத்திலிருந்து மாற்றி எழுதினேன். மற்றக் கதைகளிலும் 'அழகான நிறம்' என்று நான் சும்மா போட்டுவைத்திருந்த இடங்களையெல்லாம் தேடிப் பிடித்தேன். கொம்பியூட்டரில் ஒரு சொல்லைத் தேடச் சொன்னால் வந்து வந்து நிற்குமே, அந்த வசதிக்குக் கோயில் கட்டலாம்.

பக்க அமைப்பை அக்காவே பழகிக்கொண்டார். அதற்கும் இலவச மென்பொருள் இருக்கிறது. தைக்கிற பக்கத்தில் ஓரம் கூடுதலாக விட வேண்டும், இல்லாவிட்டால் வரி மடிப்புக்குள் போய்விடும் என்பதை, வீட்டில் கிடந்த புத்தகங்களைத் திறந்து வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தோம். ஐ.எஸ்.பி.என். என்கிற நூலெண்ணுக்குக் கொழும்புக்கு விண்ணப்பித்தேன். அதை வாங்கத் தரகர் வேண்டும் என்று பயமுறுத்தியவர்கள் உண்டு. நானே விசாரித்து, கேட்ட விவரங்களை அனுப்பி வாங்கினேன்.

அட்டைக்கு அடுக்கிவைத்த சேலைகளைப் போனில் படம் எடுக்கலாம் என்று நினைத்து முதலாளியிடம் அனுமதி கேட்டேன். தாத்தா காலத்தில் இந்தியாவிலிருந்து வந்து கடை போட்ட குடும்பம். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "கடையப் பத்தி என்னம்மா எழுதியிருக்க?" என்றார்.

"கதைதாங்க முதலாளி."

"எனக்கு வாசிக்க நேரமில்ல."

"வாசிக்க வேணாங்க, கேட்டா போதும்" என்று அவர் போனில் போட்டுக் கொடுத்தேன். இரண்டு நாள் அவர் காசு மேசையில் உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டு கேட்டார். வாடிக்கையாளர் கூப்பிட்டாலும் கையைக் காட்டி நிறுத்தினார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, "அதுல வர்ற முதலாளி ஏன் இவ்ளோ கஞ்சனா இருக்கான்?" என்றார்.

"அது நீங்க இல்லங்க."

"அது எனக்குத் தெரியுது. இங்க வேலை செய்யிற மத்தவங்களுக்கும் தெரியுமா?" என்றவர், கொஞ்சம் பொறுத்து, "படம் எடுக்கிறதுன்னா அந்தப் பழைய அடுக்க எடுக்காத. புதுச் சரக்கு வந்திருக்கு, அத எடு" என்றார்.

அச்சகத்தில் முழுவதையும் அடிக்கும் முன் ஒரு பிரதி மட்டும் கேட்டேன். இப்போது கொஞ்சம் பிரதிகளே அடித்துத் தருகிறார்கள், தீர்ந்தால் மறுபடியும் அடிக்கலாம். மாதிரிப் பிரதி வந்தது. ஆசையோடு திறந்தால் 'கொ' இருக்க வேண்டிய இடத்தில் கொம்பு தனியாக, ககரம் தனியாக, நடுவில் ஒரு புள்ளி வட்டம். புத்தகம் முழுக்க அப்படித்தான். அன்று நான் அழுதுவிட்டேன். அக்காதான் நிதானமாக, கோப்பை அச்சுக்கு மாற்றும்போது எழுத்துரு கூடவே போகவில்லை என்று கண்டுபிடித்தார். வேறொரு இலவச எழுத்துருவைப் போட்டு, அதைக் கோப்புக்குள்ளேயே பதித்து, என் போனிலும் தன் மகளின் போனிலும் திறந்து பார்த்த பிறகுதான் அச்சகத்துக்கு அனுப்பினார். இரண்டாவது மாதிரி சுத்தமாக வந்தது.

தோழிக்குக் காகிதப் புத்தகத்தால் என்ன பயன்? மின்னூலும் அதே நாளில் வர வேண்டும் என்று அவள் முதலிலேயே சொல்லிவிட்டாள். அதையும் அக்கா செய்தார். சோதித்துப் பார்த்தவள், "ஒரு கதையிலருந்து அடுத்ததுக்குத் தாவ முடியல, முழுசா உருட்டிக்கிட்டுப் போக வேண்டியிருக்கு" என்றாள். தலைப்பை வெறுமனே பெரிய எழுத்தாக்கினால் போதாது, இது தலைப்பு என்று மென்பொருளுக்குக் குறித்துக் காட்ட வேண்டுமாம். குறித்தோம். தாவினாள்.

வெளியீட்டைப் பதுளையில் ஒரு சிறிய மண்டபத்தில், ஞாயிறு காலையில் வைத்தேன். லுணுகலையிலிருந்து அம்மாவும் அப்பாவும் தோட்டத்து ஆட்கள் சிலரும் வேன் பிடித்து வந்தார்கள். முதலாளி குடும்பத்தோடு முன் வரிசையில் உட்கார்ந்தார். பெரிய ஆட்களின் உரை எதுவும் வைக்கவில்லை. தோழி அந்தப் பீச் கலர்க் கதையை வாசிப்பதாக ஏற்பாடு.

அவள் மேடையில் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காதில் மட்டும் கருவியை மாட்டிக்கொண்டாள். போனில் அந்தக் குரல் ஒரு வரி சொல்லும். அதைக் கேட்டுவிட்டு அவள் தன் குரலில் சொல்வாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வரி அவள் காதுக்குள் வந்துவிடும். கேட்பதும் சொல்வதும் ஒன்றையொன்று இடிக்காமல் போய்க்கொண்டிருந்தன. அம்மாக்காரியின் பேச்சு வரும்போது மட்டும் அவள் குரலில் கொஞ்சம் கூடுதல் உறுதி இருந்தது. அந்தக் கட்சியை அவள் கடைசிவரை விடவில்லை. மண்டபத்தில் பெண்கள் பாதிப் பேர் ஒரு பக்கமும் பாதிப் பேர் மறுபக்கமுமாக முணுமுணுத்துக்கொண்டே கேட்டார்கள். என் அம்மா எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை.

முடிந்ததும் அவளைச் சுற்றித்தான் கூட்டம். "எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணிட்டீங்களா?" என்று ஒரு டீச்சர் கேட்டார். அவள் போனை அவர் காதில் வைத்தாள். இப்போது வேகத்தைக் கூட்டியிருந்தாள் போலும், டீச்சர் திடுக்கிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார். அவர் தன் அண்ணன் ஏதோ எழுதி வைத்திருப்பதாகவும், அதையும் இப்படிக் கேட்டுச் சொல்ல முடியுமா என்றும் கேட்டார். அவள் தன் நம்பரைக் கொடுத்தாள்.

புத்தகத்தின் முதல் பிரதிகள் தீர்ந்து இன்னொரு தடவை அடித்தாயிற்று. கொமியூனிகேஷன் அக்கா இப்போது அழைப்பிதழைக்கூட யுனிகோடில்தான் தட்டுகிறார். தோழிக்கோ ஊவா மாகாணம் முழுவதிலிருந்தும் கோப்புகள் வருகின்றன. அலுவலகம் விட்டு வந்து கேட்கிறாள், கேட்டதற்குக் கூலி வாங்குகிறாள், பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுகிறாள்.

போன கிழமை கடையில் ஆள் குறைந்த நேரத்தில் அழைத்தாள்.

"மொனராகலையிலருந்து ஒருத்தர் நாவல் அனுப்பியிருக்காரு. கரும்புத் தோட்டத்துக் கத. எழுத்துப் பிழை இருக்கும்போல, அது ஒன் வேல, ஒனக்கு அனுப்புறேன். ஆனா அந்தப் பொண்ணு யாரோட போகப் போறான்னு தெரியாம என்னால ஆபிசுல இருக்க முடியல. இன்னைக்கு மூணு போன் கோல தப்பான ஆளுக்குக் குடுத்துட்டேன்."

"யாரோட போனா?"

"சொல்ல மாட்டேன். நீயே வாசி" என்று வைத்துவிட்டாள். எனக்கு முன்னால் ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தது. போனைப் பையில் போட்டுக்கொண்டு, "வாங்க வாங்க, கல்யாணம் எப்ப?" என்று கேட்டபடி முதல் சேலையை விரித்தேன்.